கேட் ரூமுக்குச் சொந்தத் துப்பாக்கி கொண்டுபோகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 44. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊருக்கு வந்ததும் கொஞ்ச காலம் ஒரு வங்கியில் காவலாளியாக இருந்தேன். அதற்காக வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியும் லைசென்ஸும் இன்றும் என் பெயரில் இருக்கின்றன. இப்போது ரயில்வேயில் ஒப்பந்த அடிப்படையில் லெவல் கிராசிங் கேட்கீப்பர் வேலை. வயல்வெளிக்கு நடுவே தனியாக நிற்கும் கேட். கேட்டையும் சிக்னலையும் இணைக்கும் இன்டர்லாக் கிடையாது. இரவு டூட்டி 12 மணி நேரம், துணைக்கு ஆள் இல்லை. குடித்துவிட்டு வரும் நான்கைந்து பேர், ரயிலுக்காக மூடிய கேட்டைத் திறக்கச் சொல்லித் தகராறு செய்கிறார்கள். போன மாதம் ஒருவன் பாட்டிலை உடைத்துக்கொண்டு கேட் ரூம் உள்ளேயே வந்துவிட்டான். போனில் ஸ்டேஷனுக்குச் சொன்னேன், "கொஞ்சம் சமாளிங்க" என்றார்கள். நான் துப்பாக்கி பிடித்துப் பழகியவன், லைசென்ஸும் உள்ளவன். டூட்டிக்குத் துப்பாக்கியை எடுத்துப்போகலாமா? தெரிந்தால் வேலை போகுமா? சுட வேண்டி வந்தால் தற்காப்பு என்று சட்டம் ஒத்துக்கொள்ளுமா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: வணக்கம். எடுத்துப்போக வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று இரவே உங்களுக்கு டூட்டி இருக்கலாம்.

உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ரயில்வே ஊழியர்களின் வழக்குகளை நடத்துகிறவன் என்பதால், தனிக் கேட்டில் இரவைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று கட்சிக்காரர்கள் வாயால் நிறையவே கேட்டிருக்கிறேன். 2023 பிப்ரவரியில் தென்காசி அருகே பாவூர்சத்திரத்தில், இரவு டூட்டியில் தனியாக இருந்த பெண் கேட்கீப்பர் மீது கேட் ரூமிலேயே கொடூரமான தாக்குதல் நடந்தது. 2024 ஏப்ரல் 2 அன்று திருச்சூர் அருகே, டிக்கெட் கேட்ட ஒரே காரணத்துக்காக டிக்கெட் பரிசோதகர் (டி.டி.ஈ.) ஒருவரை ஓடும் எர்ணாகுளம் - பாட்னா எக்ஸ்பிரஸிலிருந்து ஒரு பயணி தள்ளிக் கொன்றார். ஆகவே "சமாளிங்க" என்பதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கோபம் நியாயமானது. துப்பாக்கி அதற்கு வழியல்ல என்பதுதான் என் நிலைப்பாடு.

முதலில் லைசென்ஸ். உங்கள் கையில் இருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தரப்பட்ட உரிமம். அதில் எழுதியுள்ள எல்லைக்குள் துப்பாக்கியை எடுத்துச்செல்வது மட்டுமே குற்றமாகிவிடாது. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் போன்ற இடங்களுக்கு எடுத்துப்போகக் கூடாது என்ற நிபந்தனைகள் அதிலேயே இருக்கும், படித்துப் பாருங்கள். பொது இடத்தில் கொண்டுபோகும்போது உறையில் மூடியும் இருக்க வேண்டும். ஆனால் கேட் ரூம் உங்கள் வீடு அல்ல. அது ரயில்வேயின் இடம், அங்கே நீங்கள் ரயில்வேயின் ஆள். கேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே உண்டு: சிவப்பு, பச்சைக் கொடிகள், கை விளக்கு, டெட்டனேட்டர் (ரயில் ஓட்டுநரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடி), போன், பதிவேடு என்று போகும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் அதை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு டபுள் பேரல் சுவரில் சாய்ந்திருந்தால் அவர் என்ன எழுதுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். நிரந்தர ஊழியர் என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை என்று 1968-ஆம் ஆண்டு ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி ஒரு நீண்ட பாதை இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதில் வாதாட இடம் கிடைக்கும். உங்களுடையது ஒப்பந்தம். புதுப்பிக்காமல் விட்டாலே போதும், கதை முடிந்தது. அதை எதிர்த்து நான் நீதிமன்றத்தில் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் "ரயில்வே அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு பணியில் இருந்தார்" என்ற ஒரே வரியோடு உட்கார்ந்துவிடுவார். எழுத்தில் அனுமதி கேட்டுப் பார்க்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். கிடைக்கும் என்று நம்பிக்கை தர மாட்டேன். ஆனாலும் அப்படி ஒரு கடிதம் எழுதுவதில் வேறொரு பலன் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது தற்காப்பு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் தரும் தாக்குதல் என்றால், தாக்கியவனின் உயிரே போனாலும் குற்றமில்லை என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. தாக்குகிறவன் போதையில் இருப்பதால் உங்கள் உரிமை குறைந்துவிடாது என்பதற்கும் 36-ஆம் பிரிவு இருக்கிறது. இதுவரை படித்தால் சட்டம் உங்கள் பக்கம்தான்.

37-ஆம் பிரிவுக்கு வாருங்கள். அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. இப்போது உங்கள் கேட் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் போன் இருக்கிறது, கதவு இருக்கிறது. எதிரே உடைந்த பாட்டிலோடு ஒருவன், வெளியே பைக்கில் மூன்று பேர். நீங்கள் சுட்டால் வெளிவருவது தோட்டாக் குண்டுகள், சிதறிப் பாய்பவை. ஆள் செத்தால் உங்கள் மேல் கொலை வழக்கு பதிவாகும். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். நீதிமன்றம் கேட்கப்போகும் முதல் கேள்வி, "ஏற்கெனவே மிரட்டல் இருந்தது என்றால் ஏன் போலீசில் புகார் கொடுக்கவில்லை, அதற்குப் பதில் ஏன் துப்பாக்கியை எடுத்து வந்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் எழுத்துப்பூர்வமான புகார் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. கடைசியில் நீங்கள் விடுதலையாகவே வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டாலும், அதுவரை கைது, ஜாமீன், வாய்தா என்று ஓடும் வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் வேலையை மட்டும் பார்ப்போம். ராணுவத்தில் துப்பாக்கிதான் உங்கள் வேலை. செக்போஸ்டில் நிற்கும்போது கண், கை, கவனம் எல்லாம் அதன் மேல் இருக்கும், பக்கத்தில் இன்னொருவரும் நிற்பார். கேட்டில் உங்கள் வேலை என்ன? ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார், நீங்கள் கேட்டை மூடிப் பூட்டுவீர்கள், கேட் மூடியாயிற்று என்பதற்கு அடையாளமான பிரைவேட் நம்பரைச் சொல்வீர்கள். அந்த நம்பரை நம்பித்தான் ரயிலை அனுப்புகிறார். இன்டர்லாக் இல்லாத கேட்டில் சிக்னலுக்கும் கேட்டுக்கும் இயந்திரத் தொடர்பு கிடையாது. கேட் மூடியிருக்கிறது என்பதற்கு உங்கள் வார்த்தை ஒன்றுதான் உத்தரவாதம். 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதியதும் இப்படி இன்டர்லாக் இல்லாத கேட்டில்தான். பிரைவேட் நம்பர் கொடுத்த பிறகு நான்கு பேர் வந்து கேட்டைப் பிடித்து உலுக்கும்போது, கையில் துப்பாக்கி உள்ளவர் துப்பாக்கிக்காரராகத்தான் நடந்துகொள்வார். எதிராளி மேல்தான் கண் இருக்கும். போனை எடுக்கத் தோன்றாது. அந்த இரண்டு நிமிடத்தில் வந்துகொண்டிருக்கும் ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிஜமாகவே கேட்டை வலுக்கட்டாயமாகத் திறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போன். அது முடியாவிட்டால், ரயில் வரும் திசையில் சிவப்பு விளக்கோடு ஓட வேண்டும், 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. ரயில்வே உங்களை நம்பிக் கொடுத்திருக்கும் வெடி அதுதான். தோளில் டபுள் பேரலைப் போட்டுக்கொண்டு 1200 மீட்டர் ஜல்லியில் ஓடிப் பாருங்கள். கேட் ரூமிலேயே விட்டுவிட்டு ஓடினால் அது யார் கைக்குப் போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். குடிகாரர்கள் தகராறு செய்யும் இடத்தில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்து வருகிறவன் அதைக் குறிவைத்தே வருவான்.

"நான் துப்பாக்கி பிடித்துப் பழகியவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மறுக்கவில்லை. 2023 ஜூலை 31 அதிகாலையில், ஜெய்ப்பூர் - மும்பை எக்ஸ்பிரஸில் பாதுகாப்புப் பணியில் இருந்த ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) கான்ஸ்டபிள் ஒருவர், தன் மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றார். தேர்வு, பயிற்சி, சீருடை, கூடவே அதிகாரி என்று எல்லாமே இருந்த இடம் அது. நீங்கள் அவரைப் போன்றவர் என்று சொல்ல வரவில்லை. துப்பாக்கியைக் கொடுத்து, கணக்கெடுத்து, திரும்ப வாங்கி வைக்கும் ஒரு அமைப்புக்குள்ளேயே இப்படி நடந்திருக்கிறது. அந்தக் கணக்கு எதுவும் இல்லாமல், தூக்கம் கெட்டு, 12 மணி நேரம் தனியே இருக்கும் ஒவ்வொரு கேட்கீப்பர் கையிலும் ஒன்று என்றால் எப்படி இருக்கும்? உங்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கலாம். ரயில்வே ஆளுக்கொரு விதி போட முடியாது.

நம் ஊரில் துப்பாக்கி அபூர்வம், அதனால்தான் இந்தத் தயக்கம் என்று நினைக்க வேண்டாம். துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலேயே ரயில்காரர்களிடம் இதே கேள்வி உண்டு. 2010 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சரக்கு ரயில் ஊழியர்கள் இருவர் சுடப்பட்டார்கள். கண்டக்டர் இறந்தார், ரயிலை ஓட்டும் இன்ஜினியர் காயத்தோடு பிழைத்தார். நமக்கும் ஆயுதம் வேண்டும் என்று அங்குள்ள ஊழியர்கள் நினைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்டில் பல ரயில் நிறுவனங்கள் பின்பற்றும் பொது இயக்க விதிகளில் 1.12 என்று ஒரு விதி இருக்கிறது. பணியிலோ ரயில்வே இடத்திலோ ஊழியர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, மூன்று அங்குலத்துக்கு மேல் நீளமான கத்திகூடக் கூடாது, ரயில்வே போலீசுக்கு மட்டும் விலக்கு. ரயிலை ஓட்டுகிறவரும் ஆயுதம் ஏந்துகிறவரும் வேறு வேறு ஆட்கள் என்பதில் அங்கேயும் இங்கேயும் ஒரே முடிவுதான்.

ஆயுதம் ஏந்த வேண்டியவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான ஆர்.பி.எஃப்., 1985 முதல் மத்திய அரசின் ஆயுதப் படை. அதைத் தவிர மாநில அரசின் ரயில்வே போலீஸ் தனியாக உண்டு. உங்கள் கேட்டுக்கு அவர்கள் வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. நீங்கள் சொந்தத் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட்டால் அவர்கள் எப்போதுமே வர மாட்டார்கள். ரயில்வேயின் செலவும் பொறுப்பும் உங்கள் தோளுக்கு மாறிவிடும், அவ்வளவுதான். அதை ஏன் நாமே வலியப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்?

சரி, என்ன செய்யலாம்? போன மாதம் நடந்ததிலிருந்தே ஆரம்பியுங்கள். மூடிய கேட்டை ஊழியர் அல்லாத ஒருவர் திறந்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை. ரயில்வே ஊழியரை வேலை செய்ய விடாமல் தடுத்தால் 146-ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இந்த இரண்டிலும் ஆர்.பி.எஃப். தானே நடவடிக்கை எடுக்கலாம். பாட்டிலைக் காட்டிக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் அது தனிக் குற்றம், நியாய சன்ஹிதா 351(3)-இல் ஏழு ஆண்டு வரை போகும். இதைப் போலீஸ்தான் பதிவு செய்ய வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனில் "இது ரயில்வே எல்லை" என்பார்கள், ரயில்வே போலீசில் "சம்பவம் ரோட்டில்தானே" என்பார்கள். இந்தப் பந்தாட்டம் எனக்குப் பழகிப்போனது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைக் காட்டுங்கள்: பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், எல்லை எதுவாக இருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிந்தாக வேண்டும், பிறகு உரிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். புகாரில் தேதி, நேரம், அப்போது எந்த ரயிலுக்காகக் கேட் மூடியிருந்தது, பைக் நம்பர் எல்லாம் வரட்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆள் அடையாளம் போதும்.

அப்புறம், கேட் போன். செம்மங்குப்பத்துக்குப் பிறகு கேட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடக்கும் பேச்சின் ஒலிப்பதிவைத் தினமும் சோதிக்கும்படி ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார், கேட்டுகளில் சி.சி.டி.வி. பொருத்தவும் சொன்னார். கேட்கீப்பர்களைக் கண்காணிக்கத்தான் அது வந்தது என்று உங்கள் நண்பர்கள் முணுமுணுப்பதும் எனக்குத் தெரியும். அதை உங்களுக்குச் சாட்சியாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆட்கள் வந்தால் போனில் "இங்கே ஒரு பிரச்சினை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கேட் நம்பர், நேரம், எத்தனை பேர், கையில் என்ன, கேட் மூடியிருக்கிறதா இல்லையா, "ஆர்.பி.எஃப். அனுப்புங்கள்" என்று வரிசையாகச் சொல்லுங்கள். அந்த ஒலிப்பதிவுக்கு முன்னால் "சமாளிங்க" என்று சொல்ல எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் யோசிப்பார். கையோடு பதிவேட்டில் எழுதிவிடுங்கள். மொபைலில் 139-ஐயும் அழையுங்கள், ரயில்வேயின் பாதுகாப்பு உதவிக்கும் இப்போது அந்த ஒரே எண்தான்.

இப்போது அந்த அனுமதிக் கடிதம். துப்பாக்கிக்கு அனுமதி கேட்பதற்குப் பதிலாக, உங்கள் கேட்டைக் கவனிக்கும் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியருக்கு எழுதுங்கள். நடந்த சம்பவங்களைத் தேதிவாரியாகப் போட்டுவிட்டு, என்ன வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள்: உள்ளிருந்து பூட்டும் கிரில் கதவு, ஜன்னலுக்குக் கம்பி வலை, ரோட்டின் இருபக்கமும் விளக்கு, வாசலைப் பார்க்கும் கேமரா, இரவு ரோந்தில் உங்கள் கேட்டையும் சேர்ப்பது, கேட்டை இன்டர்லாக் செய்வது. இரவு ஷிப்டுக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஆள் பற்றாக்குறை என்று பதில் வரும், வரட்டும். நகலை டிவிஷன் ஆர்.பி.எஃப். அதிகாரிக்கும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஒப்பந்த ஊழியர் தனியாகக் குரல் கொடுத்தால் கேட்க ஆள் இருக்காது. ஆகவே பக்கத்துக் கேட்டுகளில் உள்ள நிரந்தர ஊழியர்களிடம் பேசி, அவர்கள் சங்கம் மூலம் நிர்வாகத்துடனான பி.என்.எம். என்ற பேச்சுவார்த்தைக் கூட்டத்தில் இதை வைக்கச் சொல்லுங்கள். 12 மணி நேர ரோஸ்டருக்கு எதிராக அவர்கள் ஏற்கெனவே போராடிக்கொண்டிருப்பதால் காது கொடுத்துக் கேட்பார்கள். பாவூர்சத்திரத்தைக் கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். அதன் பிறகும் ஆபத்து தெரியாது என்று நிர்வாகம் சொல்ல முடியாது. உங்களுக்கு நாளை ஏதாவது நடந்தால், அல்லது நீங்கள் ஒருவனை அடித்துத் தள்ள வேண்டி வந்தால், இந்தக் கடிதத்தின் நகல்தான் நீதிமன்றத்தில் என் முதல் ஆவணம்.

அதுவரை இரவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். டார்ச், விசில், ஒரு தடி இருக்கட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெப்பர் ஸ்ப்ரே பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கேட் ரூம் மாதிரி சின்ன அறைக்குள் அடித்தால் உங்கள் கண்ணும் சேர்ந்தே எரியும், பிறகு போனில் எண் தெரியாது. ஆட்கள் வரும்போதே உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுவிட்டுப் போனை எடுங்கள். வெளியே நின்று வாதாடாதீர்கள். பத்து நிமிடம் அவர்கள் கத்தட்டும். ஹவில்தாராக இருந்தவருக்கு அது கஷ்டம்தான். ஆனால் கேட் மூடியிருக்கிறது, ரயில் போய்விடும்.

ஒரு விஷயம் கடுமையாகவே சொல்ல வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கி வேண்டாம் என்றதும், "ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் ஒளித்து வைத்துக்கொள்" என்று யோசனை சொல்கிறவர்கள் ஊரில் இருப்பார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இரண்டு ஆண்டு சிறை, ஐந்து ஆண்டு வரை நீளலாம். உங்கள் நல்ல லைசென்ஸும் அதோடு போய்விடும்.

இருக்கும் துப்பாக்கியை என்ன செய்வது? வங்கி வேலை முடிந்துவிட்டதால் அதன் தேவையும் மாறிவிட்டது. புதுப்பிக்கும்போது தொழில் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள், இன்னும் வங்கிக் காவலாளி என்று போடாதீர்கள். இரவெல்லாம் நீங்கள் கேட்டில் இருக்கும்போது வீட்டில் யார் பொறுப்பில் அது இருக்கிறது? பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும் வேறு இடத்தில் தோட்டாவும் வைக்க முடியாத வீடு என்றால், லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடலாம். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துப் பழகியிருப்பீர்கள், அதே நடைமுறைதான். லைசென்ஸ் உங்கள் பெயரிலேயே தொடரும், புதுப்பிக்கும் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். புகாரும் கடிதமும் தயாரானதும், அனுப்புவதற்கு முன் நகலை எனக்கு அனுப்பினால் ஒரு முறை படித்துத் திருத்தித் தருகிறேன்.